பேர் தெரியாத தாளும் பேர் தெரிந்த தாளும்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போகும் ஆசிரியருக்குக் காலையில் 15 தாள், மதியம் 15 தாள். மாணவரின் பெயரும் படமும் பதிவெண்ணும் உள்ள முகப்புப் பகுதியை எடுத்துவிட்டுத்தான் கட்டு எங்கள் மேசைக்கு வரும். திருத்துகிறவர் உதவித் தேர்வாளர். கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று பார்ப்பவர் கூர்ந்தாய்வாளர். எல்லோருக்கும் மேலே முதன்மைத் தேர்வாளர். எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று சொல்லும் விடைக்குறிப்பு எல்லோர் கையிலும் ஒன்றுதான். எழுதியது யார், எந்த ஊர், பையனா பெண்ணா, அப்பாவுக்கு என்ன வேலை, என்ன சாதி, எதுவும் தெரியாது. கையெழுத்தை வைத்து ஊகிக்க முயலலாம். அதற்கும் நேரம் இருக்காது, டீ வருவதற்குள் பாதிக் கட்டையாவது முடித்தாக வேண்டும்.

பள்ளிகளில் தேர்வே கூடாது என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. நல்லவர்கள், குழந்தைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்தப் பெயரில்லாத தாளைத்தான். தேர்வை எடுத்துவிட்டால் ஒரு பிள்ளையின் தகுதியை யார் சொல்வார்கள்? வகுப்பாசிரியர். அதாவது நான். எனக்கு அந்தப் பிள்ளையை ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். அவன் அண்ணன் என்னிடம் படித்தவன். அவன் அப்பா பெற்றோர் கூட்டத்தில் என்னோடு மல்லுக்கு நின்றவர். அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதும் தெரியும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருவின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் சொன்னதுபோலத்தான். இவ்வளவும் தெரிந்த ஒருவர், ‘முழு ஆளுமையையும் கருத்தில் கொண்டு’ போடும் மதிப்பெண்ணுக்கு என் பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைப்பேனா? மாட்டேன். நான் நல்ல ஆசிரியர் என்றே வைத்துக்கொண்டாலும் மாட்டேன்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. தேர்ச்சிக்கு எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15, இரண்டும் சேர்ந்து 35. எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறி 22 வாங்கிய பிள்ளைக்கும் செய்முறையில் 25-க்கு 25 இருக்கும், இல்லாவிட்டால் 24. ஆசிரியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை தேறட்டும் என்ற மனசு அது. ஆனால் எல்லோருக்கும் ஒரே 25 என்றால் அந்த 25 எதையுமே சொல்லவில்லை. அதே உள்மதிப்பீடு கொஞ்சம் மேலே கல்லூரிக்குப் போனால் வேறு முகம் காட்டும். ‘இன்டர்னல்ல கை வெச்சிருவேன்’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் பொறியியல் கல்லூரியிலிருந்து வெளியே வந்தவர்கள் குறைவு. ஒன்று எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பது, இல்லையென்றால் கழுத்தில் கயிறு போட்டுப் பிடிப்பது. அறிமுகமானவர் கையில் மதிப்பெண் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் முடிகிறது.

கொரோனா காலத்தில் இதை மாநிலமே சேர்ந்து பரிசோதித்துப் பார்த்தது. 2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று மதிப்பெண் போட்டார்கள். எப்போதோ திருத்திக் கொடுத்து முடித்த அரையாண்டுத் தாள்களைப் பள்ளிகள் தேடிய கதையை இப்போதும் ஆசிரியர் அறைகளில் சொல்லிச் சிரிப்போம். 2021-ல் பிளஸ் டூ. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை, உள்மதிப்பீட்டிலிருந்து 30. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், ஒருவர் விடாமல் தேர்ச்சி. அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை, சூத்திரம் மோசமானதும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் விளையாட்டாக இருந்துவிட்டுப் பதினொன்றுக்குப் பிறகு விழுந்து விழுந்து படித்த ஒரு பையன் இருப்பானே, எல்லாப் பள்ளியிலும் இருப்பான், அவனுக்குத் தன்னை நிரூபிக்க இருந்த ஒரே ஒரு மூன்று மணி நேரமும் போய்விட்டது. அவனுடைய பழைய மார்க்கே அவனுக்குப் புது மார்க் ஆனது. தேர்வு இல்லாத உலகம் கருணையான உலகம் என்று நினைப்பவர்கள் அந்தப் பையனோடு ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கலாம்.

ஆக, பொதுத்தேர்வு இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அது ஒரே ஒரு வேலைக்குத்தான். இருக்கிற இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் அதிகம் என்ற நிலையில் முகம் பார்க்காமல் பிரிப்பதற்கு. அதற்கு அது நல்ல கருவி. படிப்பிப்பதற்கு அது கருவியே கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். என் மாணவி ஒருத்தி கணக்கில் 43 வாங்கியிருக்கிறாள் என்று மே மாதம் எனக்குத் தெரியவரும். அந்த 43 எங்கிருந்து வந்தது, போன 57 எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அவள் தாளை எங்கோ வேறு மாவட்டத்தில் யாரோ திருத்தியிருப்பார். நான் திருத்தியது வேறு யாரோ பிள்ளையின் தாள். அவள் முக்கோணவியலைத் தொடவே இல்லையா, தொட்டுப் பாதியில் விட்டாளா, அடையாளக் குறியில் கோட்டை விட்டாளா? தெரிந்தாலும் பயனில்லை, அவள் இனி என் வகுப்பில் இல்லை. பெயர் தெரியாத தாளின் நேர்மைக்கு நாம் கொடுக்கும் விலை இது. யார் எழுதினார் என்பது திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது என்று வைத்தால், என்ன எழுதினாள் என்பது கற்பித்தவருக்கும் தெரியாமல் போகிறது.

இப்போது அந்த 43 எப்படித் தயாராகிறது என்று பார்க்கலாம். ஆசிரியர் அல்லாதவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் கேள்வி 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். ஐந்து மார்க்கிலும் அப்படியே, 14-க்கு 10. கடைசியில் எட்டு மார்க் கேள்வி இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35. எங்கள் மொழியில் ‘மெல்லக் கற்போர்’ என்றொரு பட்டியல் உண்டு. அரையாண்டு முடிந்ததும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ‘மினிமம் மெட்டீரியல்’ கொடுப்போம். வடிவியல் எட்டு, வரைபடம் எட்டு, இது 16. புத்தகத்தின் பின்னால் உள்ள ஒரு மார்க் கேள்விகளை விடையோடு உருப்போட்டால் எட்டோ ஒன்பதோ தேறும். கார்ட்டீசியன் பெருக்கல், அணிக் கூட்டல், நாணயம் சுண்டும் நிகழ்தகவு என்று இரண்டு மார்க்கில் மூன்று நான்கு. ஐந்து மார்க்கில் எதையாவது ஆரம்பித்து வைத்தால் படிக்கு ஒரு மார்க். 35 வந்துவிட்டது. ஏழு அலகுகளுக்கு மேல் உள்ள ஒரு பாடத்தில், அடிப்படை இயற்கணிதம் தெரியாமலேயே ஒரு பிள்ளை தேறிவிடும். தேற வைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம், பிளஸ் டூவில் 95.03.

வடிவியலில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். 6 செ.மீ விட்டமுள்ள வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 8 செ.மீ தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைந்து நீளத்தை அளக்க வேண்டும். என் மெல்லக் கற்போர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். வட்டம் போடு, கோடு இழு, மையக்குத்துக்கோடு போடு, அது வெட்டும் இடத்தை மையமாக வைத்து இன்னொரு வட்டம் போடு, இரண்டு வட்டமும் வெட்டுமிடத்தைப் புள்ளியோடு சேர். 7.4 செ.மீ என்று எழுது. எட்டுக்கு எட்டு. கவராயம் பிடிக்கும் அழகைப் பார்த்தால் பொறியாளர் என்றே நினைப்பீர்கள்.

ஒருமுறை ரிவிஷன் தேர்வில் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி வைத்தேன். விட்டம் 6 என்பதை ஆரம் 6 என்று. பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வழக்கம்போல 3 செ.மீ-க்குக் கவராயத்தை விரித்து வட்டம் போட்டு, நீளம் 7.4 என்று எழுதினார்கள். அளந்துகூடப் பார்க்கவில்லை, விடைதான் முன்பே தெரியுமே! சரியாகப் போட்ட ஒரு பெண்ணிடம், ஏம்மா அந்த இரண்டாவது வட்டம் எதுக்குப் போடுறோம் என்று கேட்டேன். ‘அது போட்டாத்தான் சார் மார்க்கு’ என்றாள்.

மையத்திலிருந்து தொடும் புள்ளிக்குப் போகும் ஆரமும் தொடுகோடும் செங்கோணத்தில் சந்திக்கும், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம், அந்தச் செங்கோணத்தைப் பிடிப்பதற்குத்தான் இரண்டாவது வட்டம். பித்தாகரஸ் போட்டால் 64-லிருந்து 9 போக 55, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.4. இந்த மூன்று வரி தெரிந்தால் விட்டத்தை மாற்று, ஆரத்தை மாற்று, எதை மாற்றினாலும் அவள் அசைய மாட்டாள். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வகுப்பு வேண்டும், புரிந்ததா என்று பார்க்க இன்னொன்று. ஜனவரியில் அந்த இரண்டு வகுப்பு கிடையாது. முதன்மைக் கல்வி அலுவலர் ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்போவது ‘உங்க ஸ்கூல்ல ஏன் ரெண்டு பேர் ஃபெயில்?’ என்று. இரண்டாவது வட்டத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

பொதுத்தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் விருந்தாளியாக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. அது வீட்டையே பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தாள் பத்தாம் வகுப்புத் தாளின் அச்சில் வார்க்கப்படுகிறது. எட்டாம் வகுப்பிலும் ‘எந்தக் கேள்வி முக்கியம் சார்’ என்று கேட்கிறார்கள். மாதத் தேர்வு, இடைத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன், மூன்றாம் ரிவிஷன், எல்லாம் ஒரே நாடகத்தின் ஒத்திகை. இத்தனை தேர்வு வைத்தும் ஒரு பிள்ளைக்கு எது தெரியாது என்று கேட்டால், ‘கணக்குல வீக்’ என்பதற்கு மேல் எங்களால் சொல்ல முடிவதில்லை. தேர்வுக்கு எதிராகப் பேசும் நண்பர்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். நாம் அதிகம் சோதிக்கிறோம் என்பது அவர்கள் குறை. எனக்குப் பட்டவரை, சோதித்த தாளை யாரும் படிப்பதில்லை. மார்க்கைக் கூட்டி, ராங்க் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

மாற்ற முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் வந்தன. பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-ல் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறுதேர்வுகளுக்கு. புத்தகப் பை எடை குறைந்தது, அது பெரிய நிம்மதி. யோசனையும் அருமையானது. நடந்தது என்ன? பிள்ளைகள் ஸ்டேஷனரி கடைக்குப் போய் ‘கோள்கள் சார்ட் ஒண்ணு குடுங்கண்ணா’ என்று வாங்கி வந்து ஒட்டினார்கள். நாங்கள் பதிவேடு எழுதினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ஒரு கட்டம். பாடம் நடத்தும் நேரத்தில் கட்டம் நிரப்பினோம். பிள்ளையைக் கவனிப்பதற்காக வந்த முறை, கவனித்தோம் என்று எழுதிக் காட்டுவதில் செத்துப்போனது. இது பெயர் தெரிந்த தாளுக்கு நேரும் விபத்து. அதிலிருந்து மதிப்பெண்ணைப் பிழிந்தெடுத்து மேலே அனுப்பச் சொன்னால், அது நேர்மையாகவும் இருக்காது, பயன்படவும் செய்யாது.

பெயர் தெரிந்த தாள் என்று நான் சொல்வது வேறு. ஒரு தாளை நான்காகக் கிழித்தால் வரும் துண்டு. ஒரே கருத்தைச் சுற்றி ஐந்து கேள்வி. பத்து நிமிடம். மேலே பெயர் கண்டிப்பாக இருக்க வேண்டும், மார்க் கண்டிப்பாக இருக்கக் கூடாது. அன்று மாலையோ மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்போ படித்து மூன்று அடுக்காகப் பிரித்துவிடுவேன். புரிந்தவர்கள், வழுக்கியவர்கள், தொடங்கவே தெரியாதவர்கள். மறுநாள் வகுப்பு அந்த நடு அடுக்கை வைத்துத்தான் நடக்கும்.

இதில் விடையைவிடத் தவறுதான் பொக்கிஷம். 0.45, 0.5, இதில் எது பெரியது என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கணிசமானவர்கள் 0.45 என்பார்கள். கவனக்குறைவால் வரும் தவறில்லை அது, அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. 45 என்பது 5-ஐ விடப் பெரியது. முழு எண்ணில் செல்லும் விதியைப் புள்ளிக்கு அந்தப் பக்கமும் ஓட்டுகிறார்கள். −3−5 எத்தனை என்றால் 8 என்பார்கள். ‘மைனஸும் மைனஸும் பிளஸ் சார்’ என்று பெருமையோடு காரணமும் சொல்வார்கள். பெருக்கலுக்கு நான் சொன்னதைக் கூட்டலுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்பவனைக் கூப்பிட்டு, அரை இட்லியோடு இன்னும் கொஞ்சம் இட்லி வைத்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டால் அவனே தலையைச் சொறிவான். பொதுத்தேர்வில் இந்த மூன்றும் வெறும் பூஜ்யம். என் மேசையில் மூன்றும் மூன்று வெவ்வேறு பாடங்கள். இதைத் தேர்வு வைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் ‘புரிஞ்சுது சார்’ என்றுதான் சொல்லும்.

தேர்வு வைப்பதே கற்பிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பார்க்காமல் எழுதிப் பார் என்று நம் தாத்தா காலத்து வாத்தியார்கள் சொன்னதுதான். ஆனால் கவனியுங்கள், அந்தப் பயிற்சியில் பாஸ், ஃபெயில் கிடையாது. பயன் நினைவுகூரும் முயற்சியில் இருந்தது.

மார்க் போடாததற்கும் காரணம் இருக்கிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும். முன்னேறியவர்கள் குறிப்புரை மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். நம் வகுப்பில் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பாருங்கள். முதலில் மார்க், அடுத்து பக்கத்தில் இருப்பவன் மார்க், அப்புறம் தாள் பைக்குள். சிவப்பு மையில் நான் எழுதிய நாலு வரியை யார் படிக்கிறார்கள்?

இதை வீட்டாருக்குப் புரிய வைப்பதுதான் பாடு. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, துண்டுத் தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு, ‘எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கீங்க சார், எத்தன மார்க்குன்னு எழுதலையே?’ என்றார். பின்னத்தைக் கூட்டும்போது இந்த இடத்தில் தடுமாறுகிறாள், இந்த வாரம் சரியாகிவிட்டது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சரிங்க சார், கிளாஸ்ல எத்தனாவதா வருவா?’ என்றார். தப்பென்று சொல்ல மாட்டேன். படிக்க வாய்ப்பில்லாத ஒரு தாய்க்குப் பள்ளிக்கூடம் இதுவரை பேசிய மொழி எண் மட்டும்தான். அந்த மொழியில் அவர் கேட்கிறார்.

அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி இருக்கும், மாநிலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று. நியாயமான கேள்வி. அதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டியதில்லை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-லிருந்து நடத்தும் அசர் ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் சில பிள்ளைகளிடம் எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வரிசையாகக் காட்டி வாசிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அதனால் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. மாநிலத்துக்கு வேண்டிய செய்தி கிடைத்துவிடுகிறது. இங்கே 2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தில் அந்த ஆண்டு செய்த திருத்தம் கதவைத் திறந்துவிட்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட்டா என்று ஊரே கேட்டது. 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். நல்லவேளை. 2022-ல் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்த வகையில் எனக்குப் பிடித்தது. வகுப்பு எதுவானாலும், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறாள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டால் செயலியோடு மல்லாடுவதைப் பற்றித்தான் முதலில் புலம்புவார்கள், அந்தப் புலம்பலும் நியாயம்தான்.

இந்த இடத்தில் யாராவது ஃபின்லாந்தைக் கொண்டுவருவார்கள். அங்கே தேர்வே இல்லையாம் சார்! இருக்கிறது. அடிப்படைக் கல்வி முடியும்வரை எல்லோருக்கும் பொதுவான அரசுத் தேர்வு இல்லை, அவ்வளவுதான். ஆசிரியர்கள் தாங்களே வைக்கும் சிறுதேர்வுகள் உண்டு, மாதிரி எடுத்துச் செய்யும் தேசிய மதிப்பீடு உண்டு, மேல்நிலைப் பள்ளி முடிவில் நாடு முழுமைக்குமான தேர்வும் உண்டு. பெயர் தெரிந்த தாளைப் பெயர் தெரிந்தவரிடமும், பெயர் தெரியாத தாளைக் கடைசியிலும் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் தேர்வு பற்றிய முடிவுகள் ஊஞ்சல்போல ஆடுகின்றன. பொறியியல், மருத்துவத்துக்கு 1984-ல் வந்த நுழைவுத் தேர்வு 2006 சட்டத்தால் போனது. அதன் பிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. சென்டம் வேட்டை, அதாவது முழு மார்க் வேட்டை, உச்சிக்கு ஏறியது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டையே உருட்டின. 2017-ல் நீட் வந்தபோது தவிப்பின் ஒரு காரணம் இதிலும் இருந்தது. அந்தத் தேர்வில் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். அதே 2017-ல் முடிவு வெளியிடும்போது ராங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கினார்கள். ராங்க் போனது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. முதலிடம் வந்த பிள்ளையின் வாயில் லட்டு ஊட்டும் படம் மட்டும் ஃபிளெக்ஸ் பேனரில் தொடர்கிறது. இப்போது 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் போய்விட்டது. மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பதினாறு வயதுக்கு அதிகச் சுமைதான். ஆனால் பதினொன்றைத் தாண்டிக் குதிக்கும் பழைய வித்தை திரும்பி வராது என்று பந்தயம் கட்ட எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் தயாராக இல்லை.

தேர்வை வைப்பதா எடுப்பதா என்ற இந்த ஊஞ்சலைவிட எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. திருத்தும் மையத்தில் ஒவ்வொரு விடைத்தாளிலும் கேள்வி எண் வாரியாக மார்க் எழுதும் கட்டம் இருக்கிறது. 15-ஆம் கேள்விக்கு 2, 29-க்கு 3, 43-க்கு 8 என்று நாங்கள் எழுதுகிறோம், கூர்ந்தாய்வாளர் சரிபார்க்கிறார். மொத்தம் மட்டும் பள்ளிக்கு வருகிறது. கட்டம் கட்டோடு கிடங்குக்குப் போகிறது. அந்தக் கட்டத்தைப் பெயர் இல்லாமல், பள்ளி வாரியாகத் திரட்டி ஜூன் மாதம் அனுப்பினால் போதும். எங்கள் பிள்ளைகள் முக்கோணவியலை மொத்தமாக விட்டார்களா, நான் நன்றாக நடத்தியதாக நினைத்த இயற்கணிதத்தில் யாருமே கைவைக்கவில்லையா என்று தெரியும். அடுத்த வகுப்பை அதை வைத்துத் தொடங்கலாம். கணினியில் ஏற்ற ஆள் இல்லை என்பார்கள். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் செருப்பு அளவு வரை நாங்கள்தான் ஏற்றுகிறோம், இதையும் ஏற்றித் தருகிறோம்.